குடை பிடித்தவனின் முகம்

பெருமதிப்புக்குரிய அவைத்தலைவர் அருளம்பலம் அவர்களே! கொக்குவிலிலிருந்து இந்த வெயிலில் சைக்கிள் மிதித்து, சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி ஏறி, எங்கள் கரைத்தெருவுக்கு வந்து சேர்ந்த உங்கள் பொறுமைக்கு என் முதல் வணக்கம். ஆசியுரை வழங்கி அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, வாசிகசாலை நிர்வாகக் குழுவினரே, வலை பொத்தும் வேலையை ஒரு மாலைப்பொழுதுக்கு ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, உலையை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே, கதிரை காலியாக இருந்தும் யன்னலுக்கு வெளியே நிற்பதுதான் கௌரவம் என்று நினைக்கும் இளைஞர்களே, உங்கள் அனைவருக்கும் அருமைநாயகி மரியரட்ணத்தின் வணக்கம்.

இன்னொருவருக்கும் வணக்கம் சொல்ல வேண்டும். எனக்குப் பின்னால், சிவப்புப் பட்டுத்துணி போர்த்து, கதவளவு உயரத்தில் நிற்கின்ற கௌரவ பாராளுமன்ற உறுப்பினர் அவர்களின் திருவுருவப் படத்துக்கும் வணக்கம். உறுப்பினர் அவர்கள் வரவில்லை. பாதை சரியில்லையென்று செய்தி அனுப்பியிருக்கிறார். படத்தை அனுப்பியிருக்கிறார். படத்துக்கு மட்டும் பாதை சரியாக இருந்திருக்கிறது.

சிரிக்கலாம். தலைவரே சிரித்துவிட்டார், ஆகவே நீங்களும் சிரிக்கலாம்.

இந்தப் படத்தைத் திறந்து வைக்க என்னை அழைத்தீர்கள். இந்த வாசிகசாலையைக் கட்டியெழுப்பிய முன்னாள் தலைவர் மரியரட்ணத்தின் மனைவி என்ற உரிமையில் அழைத்தீர்கள். வருகிறேன் என்றேன், வந்திருக்கிறேன். கயிற்றை இழுக்கச் சொன்னீர்கள், இழுப்பேன். ஆனால் இழுப்பதற்கு முன்னால் இந்தச் சுவரைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டும். இந்தச் சுவருக்கும் இந்தத் தெருவில் ஒரு வீட்டுக்கும் இடையில் ஒரு கணக்குத் தீராமல் கிடக்கிறது. அது காசுக்கணக்கு அல்ல, முகக்கணக்கு.

நான் இந்த நகரத்துக் கன்னியர் மடத்தில் படித்தவள். எங்கள் மண்டபத்தில் ஒரு மன்னரின் படம் தொங்கியது. கடல் கடந்த தேசத்து மன்னர். மார்பு முழுதும் பதக்கம், இடுப்பில் வாள், கண்ணில் எங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு தூரம். காலைதோறும் அவர் முன்னால் வரிசையாக நின்று, அவர் நீடு வாழ வேண்டுமென்று பாடினோம். சப்பாத்து மினுங்காத பிள்ளையை மதர் அந்தப் படத்தின் கீழேதான் நிற்கவைப்பார். மன்னர் பார்க்கிறார், வெட்கமில்லையா என்று கேட்பார். மன்னர் எங்களை ஒருநாளாவது பார்த்தாரா? பார்த்தவர் யார்? நாங்கள்தான் அவரைப் பார்த்தோம். நாள்தோறும் பார்த்தோம், நடுங்கிப் பார்த்தோம், நம்பிப் பார்த்தோம்.

அதிகாரம் என்றால் என்ன என்று இன்று என்னை யாராவது கேட்டால், புத்தகத்தைப் புரட்டாமல் சொல்வேன். எவருடைய முகம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டுமோ, எவருக்கு எவருடைய முகமும் தெரிய வேண்டியதில்லையோ, அவரிடம் இருப்பது அதிகாரம்.

மன்னர் போனார். அதே ஆணியில் மந்திரி வந்தார். மந்திரி போனார், அதே ஆணியில் இன்னொரு மந்திரி வந்தார். வேட்டி மாறியது, கோட்டு மாறியது, மீசை மாறியது. ஆணி மாறவில்லை. அண்ணாந்து பார்த்த எங்கள் கழுத்தும் மாறவில்லை.

வீடுகளுக்குள் மட்டும் என்ன? எங்கள் வீடுகளில் திருவிருதய ஆண்டவருக்குக் கீழே, சைவ வீடுகளில் முருகனுக்குப் பக்கத்தில், தேர்தலுக்குத் தேர்தல் அச்சடித்துக் கொடுத்த முகங்கள். சண்டிலிப்பாயில் முருகேசு என்றொரு புகையிலைக் கமக்காரர் இருந்தார். அவர் வீட்டுக்கு எங்கள் தொகுதி எம்.பி. ஐயா வாக்குக் கேட்டுப் போனார். பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் கை தட்டுகிறவர்களும் இருப்பீர்கள், எழுந்து போகிறவர்களும் இருப்பீர்கள். என் கணவரும் கூடப் போனார். அவர் வந்து சொல்லி நான் கேட்ட கதை இது. ஐயா வீட்டுக்குள் கால் வைத்தார். சுவரைப் பார்த்தார். சுவரில் அவருடைய படம். படத்துக்கு மாலை. நெற்றியில் சந்தனப் பொட்டு. முன்னால் விளக்கு எரிகிறது.

"என்ன முருகேசு, என்னைக் கொண்டுபோய் எரிச்சுப் போட்டியளோ?" என்று ஐயா கேட்டார்.

முருகேசு வாயைத் திறக்க முந்தி, குசினிக்குள் நின்ற அவர் மனைவி பூரணம் சொன்னாளாம்: "போன தேர்தலுக்கு வந்தனீங்கள் ஐயா. பிறகு ஆளையும் காணேல்லை, சத்தத்தையும் காணேல்லை. உயிரோடை இருக்கிற மனிசன் இப்பிடிக் காணாமப் போகாதெண்டு நினைச்சுத்தான் மாலையைப் போட்டு விட்டனான்."

சிரியுங்கள், சிரியுங்கள். சொன்ன என் கணவரும் சிரித்தார், கேட்ட நானும் சிரித்தேன். ஆனால் பூரணம் சொன்னதில் ஒரு சட்டம் இருக்கிறது. அது நம் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். வேதக்காரராக இருந்தாலும் சைவக்காரராக இருந்தாலும், நம் ஊரில் ஒரு ஏழையின் படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினால் அவன் செத்துவிட்டான் என்று பொருள். உயிரோடு இருக்கும்போதே சுவரில் ஏறுகிற உரிமை பெரியவர்களுக்கு மட்டும்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு, தை மாதம். இந்த மண்டபத்தின் திறப்பு விழா. உங்களில் பலர் அன்றைக்கு இருந்தீர்கள். வாழை கட்டினீர்கள், தோரணம் கட்டினீர்கள், சந்தியிலிருந்து வாசல் வரை வெள்ளை விரித்தீர்கள். எம்.பி. ஐயா வந்து இறங்கினார். மழையில்லை. வெயிலும் அப்படியொன்றும் இல்லை. ஆனாலும் குடை வேண்டும் என்றார்கள். குடை பிடிக்க ஒருவன் இல்லாவிட்டால் பெரியவர் எப்படிப் பெரியவராகத் தெரிவார்? என் கணவரின் பெரிய கறுத்தக் குடையை வாங்கினார்கள். பிடிப்பதற்கு உயரமான ஆள் வேண்டும். இந்தத் தெருவில் உயரமான ஆள் யார்?

ஓம், சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள். சிமியோன்.

கீழ்வகுப்பில் என்னிடம் படித்தவன். அதனால் ஒருமையில் சொல்கிறேன், மன்னியுங்கள். கடலில் தலைகுனிந்து வலை இழுக்கிறவன், அன்று இரவல் சேட்டுப் போட்டுக்கொண்டு தலைநிமிர்ந்து குடை பிடித்தான். கொழும்பிலிருந்து ஐயாவோடு வந்த படக்காரருக்கு அவன் நின்ற இடம் பிடிக்கவில்லை.

"குடைக்காரர், நீர் கொஞ்சம் பின்னுக்குப் போம்."

"பின்னுக்குப் போனா ஐயாவிலை வெயில் படும். முன்னுக்கு வந்தா நான் ஐயாவை மறைப்பன். நான் எங்கைதான் நிக்கிறது அண்ணை?" என்று கேட்டான் சிமியோன்.

"நீர் எங்கை நிண்டால் என்ன? உம்மை ஆர் பாக்கப் போகினம்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிமியோனும் சிரித்தான். சிரித்த அந்தக் கணத்தில் கமரா அடித்தது.

பிறகு படம் வந்தது. இரண்டு விதமாக வந்தது. இந்த மண்டபத்துக்கென்று ஒரே ஒரு பெரிய படம், கண்ணாடி போட்டு, சட்டம் போட்டு. நடுவில் ஐயா, பக்கத்தில் என் கணவர், பின்னால் குடை நிழலில் அரை முகமும் முழுச் சிரிப்புமாகச் சிமியோன். வீட்டுக்கு வீடு கொடுக்கவென்று சின்னதாக அச்சடித்த படம் இன்னொன்று. அச்சகத்தில் அதை ஓரம் வெட்டிவிட்டார்கள். ஐயாவின் முகம் இருந்தது. தலைக்கு மேலே குடை இருந்தது. குடைக்காம்பைப் பிடித்த கை இருந்தது. கைக்குரியவன் இல்லை. இந்தத் தெருவில் எல்லா வீட்டுச் சுவரிலும் அந்தக் குடை இருந்தது. குடையைப் பிடித்தவன் ஒரு வீட்டிலும் இல்லை. சிமியோன் வீட்டிலும் இல்லை!

பெரிய படம் வந்த அந்தக் கிழமைதான் நம் பங்குத் திருநாள். அந்நாளைய பங்குத்தந்தை மண்டபத்தை மந்திரிக்க வந்தார். சுரூபத்துக்குத் தீர்த்தம் தெளித்தார், வாசலுக்குத் தெளித்தார், கதிரை மேசைக்குத் தெளித்தார், நமக்கும் தெளித்தார். "படத்துக்கும் தெளியுங்கோ சுவாமி" என்று யாரோ கேட்டார்கள். தெளித்தார். எல்லோரும் கை தட்டினோம். அந்தக் கைதட்டலைத்தான் இன்றைக்கும் நினைத்து வருந்துகிறேன்.

அதே ஆண்டு ஆடியில் நாடு எரிந்தது. ஐயா பதவியை இழந்தார். அதன் பிறகு இங்கே என்னென்ன நடந்தது என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டுமா? யார் யார் வந்தார்கள், யார் யார் போனார்கள், யார் யாரைக் கொண்டுபோனார்கள்? வருகிற ஒவ்வொருவரும் முதலில் பார்த்தது எதை? சுவரை. "இவன் ஆர்? இவனை ஏன் வைச்சிருக்கிறியள்?" ஒரு காலத்தில் மரியாதைக்காக மாட்டிய முகம், மறுகாலத்தில் மரணத்துக்குக் காரணமாகலாம் என்ற நிலை வந்தது. வீடுகளில் படங்கள் மெல்ல மெல்லச் சுவரை விட்டு இறங்கின. இந்த மண்டபத்துப் படம் மட்டும், உயரத்தில் இருந்ததாலோ, மந்திரித்ததாலோ, அப்படியே தொங்கியது.

எண்பத்தாறாம் ஆண்டு ஆவணியில் சிமியோன் தொழிலுக்குப் போனான். போன வள்ளம் வரவில்லை. கடலில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கரையில் வெடிச்சத்தம் கேட்டது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரியாததை மேடையில் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

அவனுக்கு வேறு படம் இல்லையா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். கல்யாணத்தன்று அடைமழை, படக்காரர் வரவில்லை. அடையாள அட்டைக்கென்று எடுத்தது ஒன்று இருந்தது. அந்தப் படம் அட்டையில், அட்டை அவன் மடியில், மடி கடலில். படம் எடுத்த கடை கோட்டைப் பக்கத்தில் இருந்தது. ஷெல் விழுந்து, கடையே இல்லை. பாருங்கள் பெரியோர்களே! ஆள்கிறவரின் முகம் கதவளவு. நம் முகம் பெருவிரல் நகத்தளவு. அதையும் நாம் நமக்காகவா எடுக்கிறோம்? கேட்கிறவனுக்கு நீட்டுவதற்காக எடுக்கிறோம்.

விழாப் படத்தின் நெகட்டிவும் ஆடி நெருப்பில் கொழும்புக் கடையோடு போய்விட்டது. ஆகவே சிமியோனின் முகம் இந்த உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. இந்தச் சுவரில்.

அது அவன் மனைவி மக்டலீனுக்குத் தெரியும். பெண்கள் வாசிகசாலைக்குள் வந்து உட்காருகிற வழக்கம் இங்கே இல்லை அல்லவா? அதனால் அவள் தும்புத்தடியோடு வந்தாள். சனிக்கிழமை பின்னேரங்களில், யாரும் கேட்காமல், கூலியும் கேட்காமல் இந்த மண்டபத்தைக் கூட்டினாள். கூட்டுகிறாள், நல்ல பிள்ளை என்றோம். அவள் கூட்டியது கொஞ்சம். அண்ணாந்து பார்த்தது அதிகம். ஒருநாள் அதைக் கண்டு அவளிடம் சொன்னேன்: "மக்டலீன், படக்காரர் தில்லைநாதனைக் கூட்டி வந்து இதிலிருந்து ஒரு பிரதி எடுப்போமா? வீட்டில் வைக்கலாம்."

அவள் தும்புத்தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் ரீச்சர். பிரேதம் வரேல்லை. அந்தாள் ஒருநாளைக்கு வரும். வந்து, 'என்னடி, உயிரோடை இருக்கேக்கையே எனக்குச் சட்டம் போட்டு மாட்டிப்போட்டியோ' எண்டு கேட்டால் நான் என்ன மறுமொழி சொல்லுறது?"

ஏழையின் படம் சுவரில் ஏறினால் அவன் செத்தவன். அந்தச் சட்டத்துக்கு அஞ்சியே அவள் காத்திருந்தாள். காத்திருந்தாள், காத்திருந்தாள், நத்தார்ப் பண்டிகை வந்தது, காத்திருந்தாள். தவசு காலம் வந்தது, காத்திருந்தாள். எண்பத்தேழாம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு முடிந்த கிழமை, விடிந்ததும் என் வாசலில் வந்து நின்றாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"ரீச்சர், இனிப் படம் போடலாம்" என்றாள்.

அவன் இனி வரமாட்டான் என்று அவள் முடிவுக்கு வந்துவிட்டாள். தில்லைநாதனைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்தோம். சுவரைப் பார்த்தோம். சுவரில் சதுரமாக ஒரு வெளிறிய இடம். படம் இல்லை.

மண்டபக் காவலர் யாகோப்பர் அப்போதுதான் யன்னல்களைத் திறந்துகொண்டிருந்தார். அதோ, இரண்டாம் வரிசையில் இருக்கிறார். எழும்ப வேண்டாம் யாகோப்பர், இருங்கள். உங்களைக் குற்றம் சாட்ட நான் இந்த மேடையில் ஏறவில்லை. குற்றமே செய்யாமல் எவ்வளவு பெரிய இழப்பைச் செய்துவிட முடியும் என்று சொல்லத்தான் ஏறினேன்.

"யாகோப்பர், இதிலிருந்த படம் எங்கே?"

"எரிச்சிட்டம் ரீச்சர்."

"எரித்தீர்களா?"

"நிலைமை சரியில்லையெண்டு கமிட்டி கூடி முடிவெடுத்தது. ஆர் வந்தாலும் அந்தப் படத்துக்கு மறுமொழி சொல்ல ஏலாதெல்லோ. கிழிச்சுப் பின்வளவிலை எறியலாமெண்டு சிலபேர் சொன்னவை. நான் ஒரேயடியா விடேல்லை ரீச்சர். சுவாமி மந்திரிச்ச பொருளெல்லோ! கால்பட விடலாமோ? வேலிக்கரையிலை மெழுகுதிரி கொளுத்தி, ஒரு பரலோக மந்திரம் சொல்லி, மரியாதையா எரிச்சனாங்கள்."

"சாம்பல்?"

"சாம்பலையும் கண்ட இடத்திலை கொட்டேல்லை. கடலிலை கரைச்சிட்டம்."

சிமியோன் இரண்டாம் முறையும் கடலுக்குப் போனான்.

என்ன செய்தோம் நாம்? அவமதித்தோமா? இல்லையே! மதித்தோம். மதித்ததனால் எரித்தோம். தூக்கிப் பின்வளவில் எறிந்திருந்தால், மழையில் நனைந்தாவது, கரையான் தின்றாவது, அந்த அரை முகத்தில் பாதி மிஞ்சியிருக்கும். அலுமாரிக்குப் பின்னால் சொருகியிருந்தால் முழுதாகவே இருந்திருக்கும். வேறு எந்த ஊரிலும் பழைய அரசியல்வாதியின் படத்தைக் குப்பையில் போட்டிருப்பார்கள். நாம் அதற்கு மெழுகுதிரி ஏற்றினோம், மந்திரம் சொன்னோம். அவ்வளவு மரியாதையையும் யாருக்குச் செய்தோம்? நடுவில் நின்றவருக்கு. பின்னால் நின்றவன் நம் நினைவிலேயே இல்லை.

இதுதான் என் நெஞ்சை அறுக்கிறது பெரியோர்களே. எரித்தவர்கள் யார்? அந்நியர்களா? சிமியோனோடு ஒரே வள்ளத்தில் போனவர்கள். ஒரே சட்டியில் கடலில் சோறு தின்றவர்கள். அந்தப் படத்தின் கீழே இருந்து நாளும் பத்திரிகை வாசித்தவர்கள். நெருப்பு வைக்கும்போது, பொறுங்கள், இதில் சிமியோன் நிற்கிறான் என்று ஒரு வாய் சொல்லவில்லையே! ஏன் சொல்லவில்லை? அன்பில்லாததாலா? இல்லை. அதற்கு நாம் வைத்த பெயர் 'எம்.பி. ஐயாவின் படம்'. நாள்தோறும் பார்த்தோம், ஐயாவைப் பார்த்தோம். அண்ணாந்து பார்த்தோம், ஐயாவைப் பார்த்தோம். அருகே நின்ற நம்முடைய ஆளைப் பார்க்க நம் கண்ணுக்குப் பழக்கமில்லை. அன்றைக்கு அந்தக் கொழும்புப் படக்காரர் கேட்டாரே, உம்மை ஆர் பார்க்கப் போகிறார்கள் என்று! அது சரியென்று நாமே நிரூபித்தோம்.

மக்டலீன் அன்று யாகோப்பரைத் திட்டவில்லை. அந்த வெளிறிய சதுரத்தைப் பார்த்தாள். பிறகு, "பறவாயில்லை அண்ணை. மரியாதையாத்தானே செய்தியள்" என்றாள். திட்டியிருந்தால் எங்களுக்கு ஆறியிருக்கும்.

மறுநாள் அவள் ஒரு கடதாசியைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வீடு கொடுத்த அந்தச் சின்னப் படம். அதை அவள் உடுப்புப் பெட்டியின் அடியில் விரித்திருந்தாளாம். மந்திரிக்காத படம், அதனால் எரியாமல் தப்பியது.

"ரீச்சர், கை கிடக்கு" என்றாள்.

குடைக்காம்பைப் பிடித்த கை. சுட்டுவிரல் கொஞ்சம் கோணியிருந்தது. "தூண்டில் தங்கூசி அறுத்த விரல். இது அந்தாளின்ரை கைதான்" என்றாள். நான் அந்தப் படத்தை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். அந்த விரலைப் பார்த்ததில்லை.

தில்லைநாதன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "அக்கா, இது அச்சடிச்ச படம். பெருப்பிச்சால் புள்ளி புள்ளியாத்தான் வரும்."

"புள்ளியெண்டாலும் என்ரை மனிசன்ரை புள்ளி தம்பி. பெருப்பிச்சுத் தாரும்."

அவரும் பெருப்பித்துக் கொடுத்தார். மக்டலீன் வீட்டில் திருவிருதய ஆண்டவருக்குக் கீழே அது தொங்குகிறது. கிட்டப் போனால் கறுப்புப் புள்ளிகள். வாசலில் நின்று பார்த்தால் ஒரு கை. யாருடைய வீட்டில் இப்படிப் பார்த்திருக்கிறீர்கள்? செத்தவனுக்கு முகம் இல்லை; இன்னொருவருக்குப் பிடித்த குடையின் காம்பு இருக்கிறது.

என்னுடைய கணவரும் அந்த எரிந்த படத்தில் நின்றார். எனக்கு அதனால் நட்டமில்லை. அவருடைய படங்கள் என் அலுமாரி நிறைய இருக்கின்றன. ஆசிரியர் சங்கத்தோடு, ஆயரோடு, கோட்டோடு, கோட்டில்லாமல். இருப்பவருக்கு எரிந்தது ஒரு கடதாசி. இல்லாதவருக்கு எரிந்தது ஒரு மனிதன்.

வருகிற மாதம் நம் கோயிலில் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புது நன்மை. நம் வழக்கம் தெரியும். வெள்ளை உடுத்த பிள்ளை வீட்டை விட்டுப் புறப்பட முந்தி, தாய் தகப்பன் முன்னால் முழங்காலில் நின்று ஆசீர்வாதம் வாங்க வேண்டும். தகப்பன் இல்லாத பிள்ளை தகப்பனின் படத்தின் முன்னால் முழங்காலில் நிற்க வேண்டும். சிமியோனின் மகள் பெர்னடெட் இந்த முறை நன்மை வாங்குகிறாள். தகப்பன் போனபோது சின்னக் குழந்தை. குரல் கொஞ்சம் ஞாபகம் என்கிறாள், முகம் ஞாபகம் இல்லை. போன கிழமை ஞானோபதேச வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ரீச்சர், நான் கையைத்தான் கும்பிட்டுப் போட்டுப் போகவேணுமோ? அப்பா சிரிச்சால் எப்பிடி இருக்குமெண்டு உங்களுக்குத் தெரியுமெல்லோ. சொல்லுங்கோவன்."

வகுப்பில் எந்தப் பிள்ளை எந்தக் கேள்வி கேட்டாலும் மறுமொழி சொல்லாமல் விட்டவள் அல்ல நான். ஆனால் ஒரு சிரிப்பை எப்படிச் சொல்லிக் காட்டுவது? பற்களைச் சொல்லலாம், கன்னத்தைச் சொல்லலாம். சிரிப்பைச் சொல்ல முடியுமா? இந்த மண்டபத்தில் நாலு வருடத்துக்கு மேல் அது தொங்கியது. ஒரு பிள்ளைக்குக் காட்டக்கூட அதை நாம் காப்பாற்றவில்லை.

அதனால்தான் இந்தப் பட்டுத்துணிக்கு முன்னால் நின்று இவ்வளவும் சொல்கிறேன். இந்த உறுப்பினரோடு எனக்குப் பகையில்லை. அவர் நல்லவராகவே இருக்கட்டும், நன்மையே செய்யட்டும். ஆனால் இந்த ஆணி எனக்குத் தெரியும். இதில் ஏறிய எந்த முகமும் நிலைக்கவில்லை. ஏற்றும்போது நம்மிடம் மாலை கேட்டார்கள். இறக்கும்போது நம்மிடம் உயிரைக் கேட்டார்கள். ஏற்றியதும் நம் கை, இறக்கியதும் நம் கை. கைக்குரியவர்களை யாரும் பார்க்கவில்லை.

சுவாமி, உங்களிடம் ஒரு விண்ணப்பம். மேசையில் தீர்த்தச் செம்பு இருக்கிறது, கண்டேன். எங்கள் வலைகளுக்குத் தெளியுங்கள், வள்ளங்களுக்குத் தெளியுங்கள், இங்கே இருக்கிற தலைகளுக்கெல்லாம் தெளியுங்கள். இந்தப் படத்துக்கு மட்டும் தெளிக்க வேண்டாம். மந்திரித்துவிட்டால் நாளைக்கு யாகோப்பர் இதையும் மரியாதையாக எரிக்க வேண்டி வரும்.

சுவாமி செம்பை மூடிவிட்டார். நன்றி சுவாமி.

சொன்ன சொல்லின்படி கயிற்றை இழுக்கிறேன்... இதோ. படம் திறந்தாயிற்று. நன்றாகத்தான் அச்சடித்திருக்கிறார்கள். நல்ல தாள், நல்ல நிறம், நல்ல சிரிப்பு. கை தட்டுங்கள், முறைக்குத் தட்டுங்கள். போதும்.

தில்லைநாதன் தம்பி, நில்லும்! படத்தைப் படம் எடுத்தது போதும். அவருக்கு வேண்டிய அளவு முகம் இருக்கிறது. சுருளில் மிச்சம் இருப்பதை எனக்குத் தாரும். இந்த மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பும். ஓம், அப்படித்தான். இப்போது உமக்கு முன்னால் இருப்பவர்கள்தான் கரைத்தெரு. அவர்களை எடும். வரிசை வரிசையாக எடும். ஒருவரையும் ஓரம் வெட்டாதேயும். அந்தப் படம் இதே மண்டபத்தில், எல்லோருக்கும் கண் எட்டுகிற உயரத்தில் தொங்க வேண்டும். தலைவர் தலையசைக்கிறார், குழுவினரும் தலையசைத்தால் நல்லது. அசைக்கிறார்கள்.

சுவரில் ஏறினால் சாவு வரும் என்று பயப்படாதேயுங்கள். சுவரில் ஏறாததால் சாவு நம்மை விட்டுவைத்ததா?

யன்னலுக்கு வெளியே நிற்கும் பிள்ளைகள் உள்ளே வாருங்கள். தாய்மார்களே, முன்னுக்கு வாருங்கள். யாகோப்பர், இப்போது எழும்புங்கள், உங்கள் முகமும் வேண்டும். மக்டலீன், எங்கே போகிறாய்? தூணுக்குப் பின்னால் மறையாதே. என்ன சொல்கிறாய்? சத்தமாகச் சொல்லு.

"எனக்கென்னத்துக்கு ரீச்சர் படம்? என்னை ஆர் பாக்கப் போகினம்?"

கேட்டீர்களா? எல்லோரும் கேட்டீர்களா? உன் மகள் பார்ப்பாள் மக்டலீன். சிமியோனின் முகத்தை என்னால் உனக்குத் திருப்பித் தர முடியாது. இந்த ஊரே கூடி அழுதாலும் தர முடியாது. அந்தப் பிள்ளை அடுத்த மாதம் அந்தக் கையின் முன்னால்தான் முழங்காலில் நிற்பாள். அதை மாற்ற எனக்கு வழி தெரியவில்லை. ஆனால் உன் முகத்தையும் தேடி அவள் ஒருநாள் வெறும் சுவரைப் பார்க்கக் கூடாது. வா. முக்காட்டை விலக்கு. பெர்னடெட், அம்மாவின் பக்கத்தில் நில் பிள்ளை. இன்னும் கிட்ட.

தலைவர் அவர்களே, சுவாமி அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, இவ்வளவு நேரமும் ஒரு கிழவியின் கண்டிப்பைப் பொறுத்துக்கொண்ட உங்கள் பெருந்தன்மைக்கு என் நன்றி. உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். தில்லைநாதன் ஆயத்தமாகிவிட்டார். ஒருவரும் கண்ணை மூடாதேயுங்கள்.